சுண்டு விரலுக்குத் தெரியவில்லை

அண்ணன் அவளுக்கு வைத்த பெயர் சோடாபுட்டி. அன்று மழையில் வழுக்கி விழுந்ததில் கண்ணாடி ஒரு பக்கம் வளைந்துவிட்டது. உலகம் கரைந்து போனது... தட்டுத் தடுமாறி எதிரே இருந்த கண்ணாடிக் கடைக்குள் நுழைந்தாள்.

"குடையைப் பிடிச்ச பிடியைக் கண்ணாடி மேல காட்டியிருக்கலாம்ல?"

கடைக்காரனின் முகம் தெரியவில்லை. சிரிக்கிறான் என்பது மட்டும் தெரிந்தது.

ஃபிரேமை நிமிர்த்த, அடுப்பில் சூடாகிக்கொண்டிருந்த மணல் கிண்ணத்தில் செருகினான். சற்று நேரத்தில் கருகும் வாசனை... பிளாஸ்டிக் இல்லை. தோல்! பாய்ந்து அவன் கையை இழுத்தாள்.

"என்ன மேடம், பட்டுன்னு கையைப் பிடிக்கிறீங்க?"

"விரல் வேகுது! வலிக்கலையா?"

கொப்பளித்த சுண்டு விரலை அவன் யாருடையதோ போலப் பார்த்தான். "இதுவும் பக்கத்து விரலும் ஆறு மாசமா மரத்துக் கிடக்கு. கழுத்து நரம்புன்னு சொன்னாங்க."

தோல் மருத்துவமனையில் நரம்புப் பரிசோதனை செய்வது அவள் வேலை. கேட்காமலே அவன் முழங்கை எலும்பின் பின்புறம் தடவினாள். நரம்பு கயிறு போலத் தடித்திருந்தது. தோலில் ஒரு தேமல்கூட இல்லை. அதனால்தான் யாருக்கும் அந்தச் சந்தேகம் தோன்றவில்லை.

"நாளைக்கு எங்க ஆஸ்பத்திரிக்கு வாங்க."

"வரலைன்னா?"

"இங்கேயே உக்காந்திருப்பேன்."

வந்தான். கண்களை மூடச் சொன்னாள். "பஞ்சு பட்டா 'ம்' சொல்லுங்க."

ஒவ்வொரு முறையும் "ம்" என்றான். ஐந்தாவது முறையும் "ம்."

"இப்ப நான் தொடவே இல்லை."

கண்களைத் திறந்தான். சிரிப்பு போன இடத்தில் பயம்... அந்தக் கண்கள் அவளுக்குள் என்னவோ செய்தன.

நரம்பிலிருந்து எடுத்த துணுக்கு சொன்னது, தொழுநோய். தோலில் முகம் காட்டாமல் நரம்பில் ஒளிந்திருந்தது. "குணமாகும். மாத்திரை ஆரம்பிச்சுட்டா யாருக்கும் ஒட்டாது," என்றார் டாக்டர்.

மாதாமாதம் மாத்திரைக்கு வந்தான். வாய்ச்சண்டை வளர்ந்தது. ஒருநாள் அவனது ஃபைலைக் கூட வேலை பார்க்கும் தோழியிடம் தள்ளினாள். "இனிமே இவரை நீ பாரு. ஏன்னு கேக்காதே."

அவனைப் பிடித்திருப்பதாக வீட்டில் சொன்னாள். அண்ணன் விசாரிக்கக் கடைக்குப் போனபோது, அவன் எதையும் மறைக்கவில்லை.

"சோடாபுட்டி, ஊர்ல வேற ஆளே இல்லையா? அந்த நோய் நம்ம வீட்டுக்குள்ள வரணுமா?"

"நோய் வராதுண்ணா. அவர் வருவார்."

ஆனால் அவனிடமிருந்து வந்தது குறுஞ்செய்திதான். 'வேற கடை பாருங்க.'

படித்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். இரண்டு கையாலும் வளைத்தாள்.

"ஏய், என்ன பண்றே?"

"கண்ணு தெரியலைண்ணா. வண்டியை எடு."

கடை வாசலில் மழை. அவன் எழுந்து நின்றான். "வேற கடை..."

"பார்த்தேன். அங்க யாரும் விரலைச் சுட்டுக்கலை."

"உங்க அண்ணன் கேக்கறது நியாயம்தானேங்க..."

"நியாயம் அப்புறம். முதல்ல கண்ணை மூடுங்க."

மூடினான். மேசை மேலிருந்த அவன் கையில் தன் கையை முழுதாக வைத்தாள்.

"தொட்டேனா? பொய் சொன்னா எனக்குத் தெரியும்."



"சுண்டு விரலுக்கும் பக்கத்து விரலுக்கும் தெரியலை..." கண்களைத் திறக்காமலே சொன்னான். "மத்த மூணுக்கும்... நல்லாத் தெரியுது. ரொம்ப நாளாவே தெரியுது."

பின்னால் அண்ணன் தொண்டையைச் செருமினான். அவள் திரும்பவில்லை. கையையும் எடுக்கவில்லை.

"போதும்," என்றாள். "அந்த ரெண்டு விரலுக்கும் சேர்த்து இனிமே நான் சூடு பாத்துக்கறேன்."