மஞ்சள் மண்

மெஷினில் பேட்டரி இல்லை. அது சார்ஜரில் கிடந்தது. தொட்டுப் பார்த்தாள். இப்போதுதான் யாரோ கழற்றி வைத்ததுபோல் சுட்டது.

பரிசோதனைக் கூடத்தில் அன்று வேலை சீக்கிரம் முடிந்ததால், இருட்டுவதற்குள் சம்பங்கிக் கிழங்குகளை நட்டுவிடலாம் என்று மூன்று மணிக்கே வீடு திரும்பியிருந்தாள். மணிக்கட்டில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவளால் மண்வெட்டி பிடிக்க முடியவில்லை. அவள் படும் பாட்டைப் பார்த்துக் கணவன்தான் இந்தக் குழி போடும் மெஷினை வாங்கி வந்தான். முனையில் இரண்டடி நீளத்துக்குத் திருகுக்கம்பி. சுவிட்சை அழுத்தினால் சுழன்றுகொண்டே நிலத்தில் இறங்கும். முதல் குழி விழுந்த அன்று அவள் அழுதேவிட்டாள்.

"இனிமே நீ குனியவே வேணாம்," என்றான்.

அவன் தோட்டத்துப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத ஆள். ஆபரேஷனுக்குத் துணையாக வந்து மூன்று மாதமாகத் தங்கியிருக்கும் தங்கைக்கோ நகத்தில் மண் பட்டாலே ஆகாது. பிறகு யார்?

மெஷினைத் திருப்பினாள். திருகில் மஞ்சள் களிமண் அப்பியிருந்தது. அவள் தோட்டத்து மண் கறுப்பு. மஞ்சள் வர இடுப்பளவு ஆழம் போக வேண்டும் என்று, தண்ணீர்த் தொட்டிக்கு அடித்தளம் தோண்டிய அன்று பார்த்திருக்கிறாள். இரண்டடித் திருகு அவ்வளவு தூரம் எட்டாது. யாரோ குழிக்குள் இறங்கி நின்று, அங்கிருந்து மேலும் துளைத்திருக்கிறார்கள்.

தங்கையின் அறையில் ஆளில்லாமல் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. சமையலறைக் குழாய் விட்டுவிட்டுச் சொட்டியது. பாதி திறந்திருந்த பின்கதவின் வழியே, இதுவரை வெயிலே படாத மண்ணின் குளிர்ந்த வாடை, யாரோ மூச்சு விடுவதுபோல் மெல்ல மெல்ல உள்ளே வந்துகொண்டிருந்தது.

கணவனுக்கு போன் போட்டாள்.

"எங்கங்க இருக்கீங்க?"

"ஆபீஸ்லதான்மா. ஏன், கிளம்பிட்டியா?"

அந்தக் குரல் போனில் கேட்டது. அதற்கு ஒரு நொடி முந்தி, பின்சுவருக்கு அப்பாலிருந்தும் கேட்டது.

வாய் தானாகப் பொய் சொன்னது. "இல்லங்க. வேலை நிறைய இருக்கு. ஆறு மணி ஆகும்."

"மெதுவா வா. ஒண்ணும் அவசரம் இல்ல."

எத்தனை அக்கறையான குரல். பதினோரு வருடமாக அவள் நம்பிய குரல்.

செருப்பைக் கழற்றிவிட்டு வெளியே இறங்கினாள். மேகம் கவிந்து பகல் மங்கியிருந்தது. தொட்டியின் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு ஓரமாக நகர்ந்தாள். மூலை வந்தது. எட்டிப் பார்த்தாள்.

நீளமான குழி. ஒட்டி ஒட்டித் துளைகள் போட்டு வெட்டி எடுத்தது. ஓரமெல்லாம் அரைவட்ட அரைவட்டமாகத் திருகின் தடம். கணவன் அவளுக்கு முதுகு காட்டி விளிம்பில் முழங்காலிட்டிருந்தான்.

உள்ளே தங்கை மல்லாந்து கிடந்தாள்.

செத்துவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தாள். கத்த வாயைத் திறந்தாள்.

"கால் இடிக்குதா?" என்று கேட்டான் அவன்.

"ஆமா மாமா. இன்னும் ஒரு சாண் வேணும். அக்கா என்னைவிட நாலு விரல் உயரம்."

"பேட்டரி ஏறட்டும். போட்டுடறேன்."

வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். அவன் குழிக்குள் ஆழக் குனிந்து, தங்கையின் நெற்றியில் ஒட்டிய மண்ணைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டான். நிதானமாக. பழகிய விரலாக. காய்ச்சல் வந்தால் அக்காவுக்கும் அப்படித்தான் துடைத்துவிடுவான்.

ஓட வேண்டும். ஒரு காலைப் பின்னால் எடுத்து வைத்தாள்.

தங்கை எழுந்து நின்றாள். குழிக்கு மேலே தலை வந்தது. கண்கள் நேராக அக்காமேல் விழுந்தன.

அதிர்ச்சி இல்லை. வெட்கம்கூட இல்லை. கடைக்குப் போய்த் திரும்பியவளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"மாமா, இனிமே அளவு எதுக்கு? ஆளே வந்தாச்சு."

அவன் திரும்பினான். எழுந்தான். கேட்டுக்குப் போகும் வழியில் நின்றுகொண்டான்.

தங்கை குழிக்குள் ஒரு பக்கமாக ஒதுங்கிக் குனிந்தாள். தான் படுத்திருந்த இடத்தை, படுக்கை விரிப்பைச் சரிசெய்வதுபோல் உள்ளங்கையால் நீவிவிட்டாள். ஒரு கல்லைப் பொறுக்கி வெளியே போட்டாள். மறுபடியும் நீவினாள்.

"வாக்கா."