எட்டு மணி நேரப் பொய்!

ஆயர் ஈத்தாம் டவுன். ஹோட்டல் அறை எண் 307.

ஞாயிற்றுக்கிழமை நண்பகல், கதவைத் திறந்த துப்புரவுப் பெண் அலறினாள்!

கட்டிலில் ஜெயபாலன். கைலியோடு மல்லாந்து கிடந்தார். முகத்தின் மேல் தலையணை. ஏர்கான் பதினாறு டிகிரியில் ஓடிக்கொண்டிருந்தது.

"இந்தக் குளிர்ல எந்த நேரம் செத்தாருன்னு சரியா சொல்ல முடியாது, புவான்" என்று டாக்டர் இன்ஸ்பெக்டரம்மாவிடம் கையை விரித்தார்.

இன்ஸ்பெக்டர் ஷப்னம் கவலைப்படவில்லை.

ஏனென்றால்... சனிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை ஜெயபாலன் எதிர்க்கடை மாடியில் இன்சூரன்ஸ் ஏஜெண்டுகளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறார். லைசன்ஸைப் புதுப்பிக்க அவர்கள் வருஷத்துக்கு இத்தனை மணி நேரம் என்று வகுப்பில் உட்கார்ந்தே ஆக வேண்டும். அன்றைய கணக்கு எட்டு மணி நேரம்.

உட்கார்ந்தவர்கள் நாற்பத்திரண்டு பேர். நாற்பத்திரண்டு சாட்சிகள்!

செவ்வாய்க்கிழமை. போலீஸ் நிலையம். கடைசியாக உள்ளே வந்தவள் கஸ்தூரி. பதினைந்து வருஷ ஏஜெண்ட்.

"சனிக்கிழமை வகுப்புக்கு வந்தீங்களா?"

"வந்தேன், புவான்."

"சார் எப்படி நடத்துனாரு?"

"ரொம்ப நல்லா நடத்துனாரு."

"என்ன பாடம்?"

"நேர்மை..." கஸ்தூரி எச்சில் விழுங்கினாள். "ஏஜெண்டு எப்படி நேர்மையா நடந்துக்கணும்னு."

"என்ன கலர் சட்டை போட்டிருந்தாரு?"

இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை!

"நீ... நீலம்."

ஷப்னம் எழுதிக்கொண்டாள். "வெளிய உக்காருங்க. டைப் பண்ணுனதும் கையெழுத்து போட்டுட்டுப் போலாம்."

கஸ்தூரி வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். காது சுட்டது.

உண்மை என்ன தெரியுமா?

சனிக்கிழமை முழுக்க அவள் ஆயர் ஈத்தாம் பக்கமே போகவில்லை. பொந்தியான் டவுன் சலூனில் தலைமுடிக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள்!

காலை எட்டரைக்கு, வகுப்பை ஏற்பாடு செய்கிற ரூபேந்திரன் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டிருந்தான். 'சாருக்கு உடம்பு சரியில்ல. வகுப்பு இல்ல. கியூஆர் கோட் அனுப்புறேன். ஒன்பது மணிக்கு ஒரு தடவ, அஞ்சு மணிக்கு ஒரு தடவ ஸ்கேன் பண்ணிடுங்க. மணி நேரம் எல்லாருக்கும் உண்டு.'

கஸ்தூரி ஸ்கேன் செய்தாள். வகுப்பு எப்படி என்ற கேள்விக்கு ஐந்து நட்சத்திரம் போட்டாள். 'மிகவும் பயனுள்ள வகுப்பு' என்றும் எழுதினாள். பாராட்டுவதில் அவள் என்றைக்குமே கஞ்சத்தனம் காட்டியதில்லை.

ஞாயிறு மாலை ரூபேந்திரன் போனில் வந்தான். "அக்கா, வகுப்பு நடந்துச்சுன்னே சொல்லுங்க. வாய தொறந்தா நம்ம எல்லார் லைசன்ஸும் போயிடும்லா!"

அவள் அவனுக்கு நன்றி வேறு சொன்னாள்.

"கஸ்தூரி! நீயும் வந்திருக்கியாம்மா?"

நிமிர்ந்தாள். பெஞ்சுக்கு எதிரே காதர் பீவி! ஹோட்டலுக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்காரர் சர்புதீனின் மனைவி. கஸ்தூரியிடம் பன்னிரண்டு வருஷமாகப் பாலிசி வைத்திருக்கும் குடும்பம். அழுது அழுது அவள் கண் வீங்கியிருந்தது.

"என்னக்கா, நீங்க இங்க?"

"உனக்குத் தெரியாதா? உங்க அண்ணன நேத்துலேர்ந்து உள்ள வெச்சிருக்காங்கலா!"

"அண்ணனையா? எதுக்கு?"

"அந்த வாத்தியாருக்கு வெள்ளிக்கிழமை டிபன் கேரியர்ல சோறு குடுத்து விட்டோம். சனிக்கிழமை ஆறு மணிக்கு இவரு கேரியர எடுக்கப் போனாரு. கதவு சும்மா சாத்தியிருந்துச்சாம். தலையணையால மூஞ்சிய மூடிக்கிட்டுத் தூங்குறாருன்னு நினைச்சு, கேரியர மட்டும் எடுத்துட்டு வந்துட்டாரு..."

"அதுக்காகவா பிடிச்சாங்க?"

"அஞ்சு மணி வரைக்கும் வாத்தியாரு உயிரோட பாடம் நடத்துனாருன்னு நீங்க எல்லாரும் சொல்றீங்கள்ல? அதுக்கப்புறம் அந்த ரூமுக்குப் போனது இவரு ஒருத்தர்தானாம்!"



காதர் பீவி கஸ்தூரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க அண்ணன் அப்படிப்பட்ட ஆளு இல்லைன்னு நீயாச்சும் சொல்லும்மா. நீ சொன்னா நம்புவாங்க. நீ பொய் சொல்ல மாட்டேன்னுதான உன்கிட்ட பாலிசியே எடுத்தோம்..."

கஸ்தூரி கையை உருவிக்கொண்டாள். பொய் சொன்ன தன்னை அந்தக் கை தொடுவதே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

போனை எடுத்துச் சனிக்கிழமைச் செய்தியைத் தேடினாள். 'இந்தச் செய்தி அழிக்கப்பட்டது.' ரூபேந்திரன் முந்திக்கொண்டான்!

பதினைந்து வருஷ லைசன்ஸ். வீட்டுக்கு அதுதான் சோறு. ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்தாள்... எழுந்தாள்... கதவைத் தள்ளினாள்.

"புவான்... நான் வகுப்புக்குப் போகல."

ஷப்னம் நிமிர்ந்தாள்.

"யாருமே போகல. வகுப்பே நடக்கல!"

"அலமாக், அப்பாடா! இந்த ஒரு வார்த்தைக்குத்தான் நேத்துலேர்ந்து காத்துக்கிட்டு இருக்கேன்!"

ஷப்னம் மேசைக்கு அடியிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டாள். டோபிக் கடை பிளாஸ்டிக் உறை. உள்ளே மடிப்புக் கலையாத மஞ்சள் சட்டை.

"வெள்ளிக்கிழமை ஜெயபாலன் டீ-ஷர்ட்ல வந்தாரு; வகுப்புக்குன்னு கொண்டு வந்தது இந்த ஒரே சட்டை. உறையே பிரிக்கல. நாப்பத்திரண்டு பேர்கிட்ட கலர் கேட்டேன். நீலம், வெள்ளை, பாத்திக் பூச்சட்டை... ஒருத்தரு டை வேற கட்டி விட்டாரு! மஞ்சள்னு ஒருத்தர் வாயிலயும் வரல."

"அப்ப தெரிஞ்சேவா அண்ணன உள்ள வெச்சீங்க?"

"தெரிஞ்சு என்ன? எங்க பெரியவரு நாப்பத்திரண்டு வாக்குமூலத்த நம்புவாரா, ஒரு சட்டைய நம்புவாரா? பேசுறதுக்கு ஒரு வாய் வேணும்." ஷப்னம் தொப்பியை எடுத்தாள். "அஞ்சு மணிக்குச் சார வகுப்புலேர்ந்து கூட்டிட்டுப் போய் ரூம்ல விட்டேன்னு ரூபேந்திரன் எழுதிக் குடுத்திருக்கான். நடக்காத வகுப்புலேர்ந்து எப்படிக் கூட்டிட்டுப் போனான்?"

ரூபேந்திரன் இருபது நிமிஷம் தாக்குப்பிடித்தான். அப்புறம் கக்கிவிட்டான். சனிக்கிழமை காலை ஏழரைக்கு, அதே தலையணையால்!

மாலையில் சர்புதீன் வெளியே வந்தார். நேராகக் கஸ்தூரியிடம் வந்து கை கூப்பினார்.

"உண்மைய சொல்லி என்னைக் காப்பாத்திட்டம்மா."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். தலையைக் குனிந்துகொண்டாள். அவர்கள் போன பிறகுதான் கேட்டாள்.

"எதுக்குப் புவான் கொன்னான்?"

"ஜெயபாலன் பேர்ல மூணு மாசமா நடக்காத வகுப்புக்கெல்லாம் மணி நேரம் போட்டுக் குடுத்திருக்கான். அவரு கண்டுபிடிச்சிட்டாரு. திங்கக்கிழமை புகார் பண்ணப் போறேன்னு இவன்கிட்டயே சொல்லியிருக்காரு."

"அவருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

 ஷப்னம் ஜெயபாலனின் போனைத் திருப்பிக் காட்டினாள்.

'சார், போன மாசம் நீங்கள் நடத்திய வகுப்பு மிகவும் பயனுள்ளதாக இருந்தது. மிக்க நன்றி சார்.'

அனுப்பியவர் பெயர்... கஸ்தூரி! போன மாதமும் அவள் ஸ்கேன் மட்டும்தான் செய்திருந்தாள்.

 அவள் முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். சலூனில் பூசிய சாயத்தின் வாடை இன்னும் முடியிலிருந்து வந்தது.

"என் லைசன்ஸ் போயிடும்ல, புவான்?" தலைப்புக்குள்ளிருந்து குரல் வந்தது.

"போகும். திரும்ப வேணும்னா வகுப்புக்குப் போகணும்." ஷப்னம் கோப்பை மூடினாள். "இந்தத் தடவையாச்சும் வாத்தியாரு உயிரோட இருக்காரான்னு பாத்துட்டு ஸ்கேன் பண்ணுங்க!"