யாரும் திரும்பக் கேட்காத பை

கடைகள் திறப்பதற்கு முன்பே டோக்கன்காரி பாதுகாப்பு அதிகாரியின் அறையில் வந்து நின்றாள். அந்தப் பேரங்காடியின் வாசலில், வாடிக்கையாளர்கள் வெளியிலிருந்து கொண்டுவரும் பைகளை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுப்பவள் அவள். அவளுடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. இன்று அவள் கையிலேயே இரண்டு பைகள் இருந்தன. பாதுகாப்பு அதிகாரி நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

“மேடம், மேனேஜர் என்னைத் திருடின்னு சொல்லிட்டார். சாயங்காலத்தோட வேலை போயிடும்.”

“எதைத் திருடினீங்களாம்?”

“ரெண்டு மாசமா தினம் ஒரு காய்கறிப் பை கேட்பாரில்லாம கிடக்குது. ராத்திரி வெச்சா அழுகிடுமேன்னு, மூடற வரைக்கும் பாத்துட்டு வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். கேமராவுல நான் எடுத்துட்டுப் போறது மட்டும்தான் தெரியுதாம்.”

“யார் கொண்டு வந்து வெக்கிறாங்க?”

“தினம் வேற வேற ஆள் மேடம். அந்தக் கூட்டத்துல எந்த முகம் ஞாபகம் இருக்கும்?”

கதவோரம் நின்றிருந்த காவலருக்கு மூக்கு வியர்த்துவிட்டது. பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்தவர். அங்காடி முழுக்க அவருக்கு ‘அவசரம்’ என்றுதான் பெயர். “கும்பல் வேலை மேடம். காய்க்குள்ள எதையோ கடத்துறாங்க. எல்லாத்தையும் அறுத்துப் பார்த்துடலாம்.”

“அறுக்கறதை வீட்டுல வெச்சுக்கங்க” என்றார் அதிகாரி. தினமும் வேலை முடிந்து போகும்போது சந்தையில் நின்று பேரம் பேசிக் காய் வாங்குகிறவர் அவர். இரண்டு பைகளையும் மேசைமேல் கொட்டினார். ஒன்று போன வாரத்துப் பை. அதிகமாக இருந்ததால் ஊழியர் அறை ஃப்ரிட்ஜில் டோக்கன்காரி விட்டுவைத்தது. மற்றது நேற்று வந்தது.

இரண்டிலும் வெண்டைக்காய் இருந்தது. பழையது வாடியிருந்தாலும் ஒவ்வொன்றும் பிஞ்சு, நுனி முழுசாக இருந்தது. புதியதில் பாதிக்கு மேல் நுனி ஒடிந்திருந்தது. முற்றலும் கொஞ்சம் கலந்திருந்தது. அதிகாரி வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எதிர்லயே சந்தை இருக்கே. நீங்க அங்க வாங்குறதில்லையா?”

“அந்தப் பக்கமே போறதில்ல மேடம்.”

“வீட்ல யார் யார்?”

“நான் மட்டும்தான். வீட்டுக்காரர் தவறிட்டார். அப்பா இருக்கார், இருந்தும் இல்லாத மாதிரிதான். நானா பாத்துப் பண்ணிக்கிட்ட கல்யாணம், அவர் வரல. இவர் செத்தப்புறம் அரிசி மூட்டையோட வந்து நின்னார். தூக்கித் தெருவுல கொட்டினேன். உங்க கையால பச்சத்தண்ணி கூட குடிக்க மாட்டேன்னு சொல்லி அனுப்பிட்டேன்.” சொல்லும்போது அவள் குரல் நடுங்கவில்லை. பலமுறை தனக்குள் சொல்லிப் பார்த்த பேச்சு போலிருந்தது.

அதற்குள் அவசரம் வாசல் குப்பைக்கூடைகளைக் கவிழ்த்துவிட்டு ஓடிவந்தார். நேற்றைய பையின் எண்ணுள்ள டோக்கன் அவர் கையில் இருந்தது.

“மறந்துட்டுப் போனவங்க டோக்கனைத் தூக்கிப் போட மாட்டாங்க” என்றார் அதிகாரி. “நீங்க மட்டும் வாங்க, எதிர்ப்பக்கம் போய்ட்டு வரலாம்.”

பளிங்குத் தரையையும் குளிர்ச்சியையும் விட்டு வெளியே வந்து சாலையைக் கடந்தால், தார்ப்பாய்களுக்குக் கீழே சந்தை. ஈரச் சாக்கு, தராசுத் தட்டின் ஓசை, விலை கேட்டுவிட்டு நகர்கிறவரைத் திரும்பக் கூப்பிடும் குரல்கள். காய்கறி வரிசையில் ஓர் இடம் மட்டும் சாக்கு போட்டு மூடிக் கிடந்தது. பக்கத்தில் பிளாஸ்டிக் வாளி விற்பவரிடம் அதிகாரி மெதுவாகப் பேசினார். திரும்பி வரும்போது அவசரம் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார்.

சாயங்காலம் மேனேஜர் அறையில் நால்வரும் கூடினார்கள்.

“பை காணோம்னு இதுவரைக்கும் யாராவது புகார் கொடுத்தாங்களா?” என்று அதிகாரி கேட்டார். மேனேஜர் இல்லையென்று தலையசைத்தார்.

“அப்போ திருட்டே நடக்கல. டோக்கனை எறிஞ்சிருக்காங்க, வேணும்னே விட்டுட்டுப் போன பை. யாருக்காக? காய் கெடறதுக்குள்ள வீட்டுக்கு எடுத்துட்டுப் போகக்கூடிய ஒரே ஆளுக்காக. அனுப்பினது யாருன்னு வெண்டைக்காய் சொல்லிச்சு. காசு கொடுத்து வாங்குற யாரும் நுனியை ஒடிச்சுப் பாக்காம வாங்க மாட்டாங்க. பழைய பையில ஒண்ணுகூட ஒடியல, அத்தனையும் பிஞ்சு. தன்னோட கடைச் சரக்கை யாரும் ஒடிச்சுப் பாக்க வேண்டியதில்ல. அனுப்பினவர் வியாபாரி. முகம் காட்டினா நீங்க தொடமாட்டீங்கன்னு தெரிஞ்ச வியாபாரி. இந்தப் பக்கம் வர்ற வாடிக்கைக்காரங்ககிட்ட கொடுத்து விட்டிருக்கார்.”

டோக்கன்காரியின் முகம் கறுத்தது. “அவர் சரக்கையா இத்தனை நாள் தின்னேன்? இனிமே அனுப்ப வேண்டாம்னு நீங்களே சொல்லிடுங்க மேடம்.”

எத்தனையோ களவுகளைக் கண்டுபிடித்தபோது வந்த நிறைவு அதிகாரிக்கு இன்று துளியும் இல்லை. இங்கேயே நிறுத்திவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தார்.

“நேத்து வந்ததுல நுனி ஒடிஞ்சிருந்துச்சும்மா. அது யாரோ காசு கொடுத்து வாங்கினது. உங்க அப்பா கடை மூடிக்கிடக்கு. வாளிக்கடைக்காரர்தான் இப்போ வாங்கி அனுப்புறார். ‘பையை நிறுத்திடாதே, அவளுக்கும் சொல்லிடாதே’ன்னு அவர்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கார் உங்கப்பா. தினமும் நீங்க பையோட வெளிய வர்றதை எதிர்ல நின்னு பாத்துட்டுத்தான் கடையைக் கட்டுவாராம்.”

“அவர் எங்க போனார்?”

மேனேஜர் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“எப்போ மேடம்?”

“போன வெள்ளிக்கிழமை. மத்தியானம் நெஞ்சு வலின்னு படுத்தவர், சாயங்காலத்துக்குள்ள போயிட்டார்.”

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

“வெள்ளிக்கிழமையும் பை வந்துச்சே மேடம்” என்றாள். “அன்னைக்கு எனக்கு நல்ல பசி. எல்லாத்தையும் வதக்கி, சட்டியை வழிச்சுச் சாப்பிட்டேன். சாப்பிட்டுட்டு நிம்மதியாத் தூங்கினேன்.”