பெருக்கமரத்தடியில் ஒரு கேள்வி

பேருந்து மன்னாரின் பழைய, பருத்த பெருக்கமரத்துக்கு அருகில் நின்றது. ஹுஸ்னியாவின் வாப்பா முதலில் இறங்கினார்.

வாப்பாவுக்கு உல்லாசக் கப்பலில் வழிகாட்டி வேலை. காங்கேசன்துறையில் கப்பல் ஏறப் போகும் சென்னைப் பயணிகளுக்கு, போகிற வழியில் மன்னாரைக் காட்ட வந்திருந்தார். அரைமணி நேரம்தான். வீட்டுக்கு வந்து பல மாதமாகிறது. இன்றும் வரமாட்டார்.

"வாப்பா!" மரத்தடியில் காத்திருந்த ஹுஸ்னியா ஓடினாள்.

அவர் கை நீட்டுவதற்குள் மேற்பார்வையாளர் மில்ரன் குறுக்கே வந்தார்.

"பாஹிம், வேலை நேரத்தில வீட்டுக் கதை வேண்டாம். பயணிகள் கேக்கிறதுக்கு மட்டும் ஒழுங்கா மறுமொழி சொல்லும்."

"ஓம் சேர்." வாப்பாவின் கை கீழே இறங்கியது.

ஹுஸ்னியாவுக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். நோன்புப் பெருநாளுக்கு வாப்பா வீட்டில் இருப்பாரா? தொலைபேசியில் கேட்டால், "பாப்பம் மகள்" என்பார். அத்தோடு இணைப்பு அறுந்துவிடும்.

அவள் தள்ளி நின்றாள். ஒரு பயணி, "இந்த மரத்துல பழம் வருமா?" என்று கேட்டார். வாப்பா அவர் முகத்தைப் பார்த்து, பொறுமையாக, முழுதாகப் பதில் சொன்னார்.

ஹுஸ்னியா அதைக் கவனித்தாள். தொப்பி போட்ட ஒரு சென்னை அம்மாவின் பக்கத்தில் போய் நின்று கையை உயர்த்தினாள்.

"வழிகாட்டி ஐயா, ஒரு கேள்வி."

வாப்பாவுக்கு இருமல் வந்தது. "கேளுங்கோ."

"இந்த மரத்தடிக்குத் திரும்ப எப்ப வருவீங்கள்? நோன்புப் பெருநாளைக்கா?"

"பாப்..."

"பாப்பம் எண்டு சொல்லக்கூடாது. ஒழுங்கான மறுமொழி வேணும்."

தொப்பி அம்மா சிரித்தார். "குழந்தை கேக்குதுல்ல? சொல்லுங்க சார்!"

மில்ரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இந்த முறை குறுக்கே வரவில்லை.

வாப்பா அவளையே பார்த்தார். "நோன்புப் பெருநாளைக்கு வர ஏலாது. கப்பல் கடலில நிக்கும். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு லீவு எடுத்திட்டன். வருவன்."

ஹுஸ்னியா எதிர்பார்த்தது இதுவல்ல. ஆனாலும் அது பதில். தலையாட்டினாள்.

புறப்படும் நேரம் வந்தது. வாப்பா பேருந்துப் படியில் நின்று ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து ஏற்றினார். மில்ரன் வரிசையை எண்ணினார்.

"என்ன, ஒரு ஆள் கூடுது?"

வரிசையின் கடைசியில் ஹுஸ்னியா நின்றாள். வாப்பா அவளுக்கும் கை கொடுத்தார். உடனே விடவில்லை.

"அவ இஞ்சதான் நிக்கிறவ, சேர்."

பேருந்து போய்விட்டது. மரத்தடியில் வேறு யாருமில்லை. ஹுஸ்னியா வீட்டுக்கு நடந்தாள். ஹஜ்ஜுப் பெருநாள் தூரத்தில்தான் இருந்தது. எவ்வளவு தூரம் என்று இப்போது அவளுக்குத் தெரியும்.