தையற்காரரின் தொப்பி

"தேங்க்ஸ் மேடம்" என்றாள் தங்கை.

ஏழு மாதமாக வாயே திறக்காதவள். நாற்காலியை விட்டு இறங்கும்போது அப்படிச் சொன்னதும், அந்த ஆஸ்பத்திரியில் சிகிச்சை மெஷினை இயக்கும் அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சொந்த அக்காவை மேடம் என்கிறாளே, கொழுப்பு! கேலி பேசத் தெம்பு வந்துவிட்டதே என்று அழுதேவிட்டாள். எந்த மாத்திரைக்கும் மசியாத மனச்சோர்வு, தலைக்கு வெளியே வைத்த காந்தத்துக்கு மசிந்துவிட்டது. ஒன்பதே சிட்டிங்கில்.

அன்று வீட்டில் தங்கை இரண்டு தட்டு சாப்பிட்டாள். பட்டன்கூடத் தைக்கத் தெரியாதவள், ஒரே தடவையில் ஊசியில் நூல் கோர்த்தாள். அக்காவின் தோளைச் சாணால் அளந்து, "இடது பக்கம் அரை இஞ்ச் இறக்கம்" என்றாள். அக்காவுக்கு ஏனோ சிரிக்க வரவில்லை.

மறுநாள் பிற்பகல், ஸ்பிரிட்டும் சூடான பிளாஸ்டிக்கும் கலந்த வாடையில், ஏசியின் இரைச்சல் சுவரெல்லாம் ஊர்ந்துகொண்டிருக்க, தங்கையை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு இழுப்பறையைத் திறந்தாள். ஒவ்வொரு நோயாளிக்கும் தனித் துணித்தொப்பி. காந்தத்தை எங்கே வைக்க வேண்டும் என்று அதில் பேனாவால் குறித்திருக்கும். மேலே இருந்ததை எடுத்தாள். தையல் மெஷின் எண்ணெய் மணந்தது. உள்பக்கம் புரட்டினாள். எண் பதினாறு.

பதினாறாம் எண் நோயாளி ஒரு தையற்காரர். நாலு சிட்டிங்கோடு வராமல் போய், போன மாதம் செத்தும் போனவர். தூக்கிப் போட்டிருக்க வேண்டிய தொப்பி. பாழாய்ப்போன அவசரத்தில் தினமும் மேலே கிடந்ததையே எடுத்துத் தங்கைக்கு மாட்டியிருக்கிறாள். தங்கையின் தொப்பி அடியில், மடிப்புக் கலையாமல் கிடந்தது.

மாற்றினால் மறுபடி ஊமையாகிவிடுவாளோ? ஆகட்டும். என் தங்கை எனக்கு வேண்டும். அடியில் இருந்ததை எடுத்தாள்.

"அது வேணாம் மேடம்" என்றது நாற்காலியிலிருந்து நிதானமான குரல். "பழசே போடுங்க. எனக்கு அளவு சரியா இருக்கு."

"அடியே, நான் உன் அக்காடி!"

"தெரியும். அவளும் அக்கா அக்கான்னுதான் கத்திட்டிருக்கா."

ஏசி நின்றது.

ஓடும்போது டக் டக்கென்று தட்டும் மெஷினுக்கு இன்னும் ஸ்விட்சே போடவில்லை.

டக். டக்.

அக்கா குனிந்தாள். தங்கையின் நெற்றியில் காதை வைத்தாள். உள்ளே யாரோ இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

டக்.

காதோரம் அந்த வாய் சிரித்தது. தட்டும் சத்தம் தேய்ந்துகொண்டே போனது.