லாசர் காசு

காலையில் காசுச் சந்தையான மாற்றரங்கம் திறந்த நொடியில் தூத்துக்குடி முழுக்க மணிக்கட்டுப் பட்டைகள் ஒன்றாக அதிரும். அடுப்பில் பால் பொங்கினாலும் சரி, வாயில் பல் தேய்க்கும் பிரஷ் இருந்தாலும் சரி, பட்டையைப் பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். பிரகாசியும் பார்த்தாள். அவளுடைய காசின் மாற்று விலை நேற்றைவிட ஒரு நூல் ஏறியிருந்தது. பார்க்கவே கூடாது என்று நினைத்திருந்தும், எதிரே உட்கார்ந்திருந்த கணவனின் பட்டையையும் எட்டிப் பார்த்தாள்.

“எறங்கிட்டா?”

“காப்பிய ஊத்து பிள்ள. அதப் பாத்து என்ன ஆவப்போவுது?” என்றார் லாசர்.

இறங்கித்தான் இருந்தது. சிவப்பில் ஒளிர்ந்தது.

நாடுகளின் நாணயங்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு கவிழ்ந்த பிறகு, ஒவ்வோர் ஆளும் ஒரு நாடு என்று ஆகிவிட்டது. வயது வந்ததும் அவரவர் பெயரில் ஆள்காசு வெளியிடலாம். ஒரு காசு என்பது அந்த ஆளின் ஒரு மணி நேர உழைப்புக்கான வாக்கு. பிரகாசி காசு என்றால் பிரகாசியின் ஒரு மணி நேரம். ஆனால் யாரும் நேரத்தைக் கேட்டு வருவதில்லை. காசு கைமாறிக்கொண்டே இருக்கும். யாருடைய ஒரு மணி நேரம் யாருடைய எத்தனை மணி நேரத்துக்குச் சமம் என்பதை மாற்றரங்கம் தினமும் காலையில் சொல்லும். பேருந்தில் நாலு பேர் பார்க்க இருமினால் மதியத்துக்குள் மாற்று சரிந்துவிடும்.

இருவருக்கும் துறைமுகத்தில்தான் வேலை. தானியங்கித் தூக்கிகள் பல துறைமுகங்களில் தாறுமாறாய் ஓடிப் பல உயிர்களைக் குடித்த பிறகு, கிரேனில் மனிதர்தான் உட்கார வேண்டும், கீழே மனிதர்தான் கைகாட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. பிரகாசி மேலே. லாசர் கீழே, கைகாட்டி. பெட்டியை ஏற்று, இறக்கு, நிறுத்து என்று அவர் கை சொல்வதைத்தான் அவள் இத்தனை வருஷமும் செய்தாள். “கல்யாணத்துக்கு முன்னால இருந்தே இந்த மனுசன் காட்டுன பக்கந்தான் நா போறேன்” என்று கிண்டலாகச் சொல்லுவாள்.

போன மழைக்காலத்தில் லாசருக்குப் பக்கவாதம் வந்தது. உயிர் தப்பிவிட்டார், கை மட்டும் நடுங்கியது. வைத்தியர் வீட்டாரிடம் சொல்வதற்கு முன்பே பட்டை மாற்றரங்கத்திடம் சொல்லிவிட்டது. அன்று விழ ஆரம்பித்த லாசர் காசு இன்னும் விழுந்துகொண்டே இருந்தது. மருந்து கடல் தாண்டிய பூசான் துறைமுகத்திலிருந்து வந்தது. அதை அங்கேயுள்ள மருந்தாளரின் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். மாத்திரை என்னவோ அதே மாத்திரைதான். லாசர் காசு விழ விழ அந்தக் காசில் மாத்திரையின் விலை காலைக்குக் காலை ஏறியது. இதுவரை பிரகாசி தன் காசை மாற்றிச் சமாளித்தாள்.

அவளால் சமாளிக்க முடியாத இன்னொன்று இருந்தது. மாதக் கடைசியில் யாருடைய மாற்று தரைக்கோட்டுக்குக் கீழே கிடக்கிறதோ, அவரைச் செல்லாக்காசு என்று அறிவித்து, வெகுதூரத்தில் இருக்கும் காப்பகத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அங்கிருந்து திரும்பி வந்தவரை யாரும் பார்த்ததில்லை. லாசர் காசு அந்தக் கோட்டைத் தொடப் போகிறது.

அன்று சாயங்காலம் மாற்றரங்கத் தரகன் ஒருவன் வீடு தேடி வந்தான். தருண் என்று பேர் சொன்னான். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, தண்ணீர் கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்கிக் குடிக்கிற மரியாதையான பையன். பிரகாசியின் காசு உயர்ந்த காசு, ஆனால் குடும்பக் கணக்கில் கணவனின் காசும் ஒட்டிக்கொண்டிருப்பதால் அது ஏற வேண்டிய அளவுக்கு ஏறவில்லை, இருவர் கணக்கையும் பிரிக்கும் மாற்றுப்பிரிவுக்கு மனுப் போட்டால் மறுநாளே ஏறிவிடும் என்று நயமாக விளக்கினான். லாசர் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

“மாற்று விழறது எப்பவும் கெட்டதுன்னு நினைக்காதீங்க மேடம். விழுந்தா சாரோட உழைப்பு மலிவாகும். மலிவா இருந்தா வெளியூர்லேருந்து தேடி வந்து வாங்குவாங்க.”

“கை நடுங்குற கைகாட்டிய மலிவா வாங்கி என்ன தம்பி செய்வாவ?” என்றார் லாசர். “மோர் கடையவா?”

தருணுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. தன்னிடம் இல்லாத லாசர் காசுகளை, மாதக் கடைசியில் தருவதாகச் சொல்லி, அன்றைய விலைக்கு அவன் ஏற்கெனவே ஏராளமாக விற்றிருந்தான். மாதக் கடைசியில் அது மண்ணாகப் போனதும் சல்லிசாக வாங்கிக் கொடுத்துவிடுவான். தொழிலில் இது வழக்கம்தான் என்பதால் மறைக்கவும் இல்லை.

பிரகாசி குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

“ஒரு காசு ஏறணும்னா என்ன நடக்கணும் தம்பி?”

“யாராவது அதை வாங்கணும் மேடம். அது இல்லாம முடியாதுங்கற நிலைமை வரணும்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் பூசான் கப்பல் ஒன்று தளத்தில் நின்றது. கிரேனில் ஏறி உட்கார்ந்ததும் இயந்திரம் ஒரு கேள்வி கேட்கும். பதில் சொன்னால்தான் பூட்டுத் திறக்கும். கூலி எந்தக் காசில்? எல்லோரும் அனிச்சையாக “என் காசு” என்பார்கள். வேறு யாருடைய காசையும் சொல்லக்கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை, அவ்வளவுதான்.

“லாசர் காசு” என்றாள் பிரகாசி.

இயந்திரம் இன்னொரு முறை கேட்டது. அவளும் இன்னொரு முறை சொன்னாள்.

கப்பல் முகவர் வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். லாசர் காசு அவர்களிடம் ஏது? அது தரைக்குப் போகிற காசு, அதை யார் வைத்திருப்பார்கள்? வேண்டுமென்றால் இரண்டு மடங்கு பிரகாசி காசு தருகிறோம் என்றார். பிரகாசி மேலேயிருந்து பேச்சுப்பெட்டியில் பதில் சொன்னாள். “வீட்ல மனுசன் சும்மாதான் இருக்காரு. போய்க் கேட்டு வாங்கிட்டு வாங்க. பூசான் ஆளுங்க காசு குடுத்தா தருவாரு.”

அடுத்த கிரேனில் கித்தேரி இருந்தாள். பிரகாசியோடு வேலைக்குச் சேர்ந்தவள்.

“என்னடி சொல்லுத? பைத்தியமா ஒனக்கு?”

“மாசக் கடைசில அவர கூட்டிட்டுப் போயிருவாவ கித்தேரி.”

கித்தேரிக்கு இரண்டு வருஷமாக இடுப்பு வலி. பட்டைக்குத் தெரியாமல் நிமிர்ந்து உட்காரப் பழகியிருந்தாள். எத்தனை நாளைக்குத்தான் அப்படியே உட்கார முடியும்?

“எனக்கும் லாசர் காசு” என்றாள் இயந்திரத்திடம்.

அதைக் கேட்டு அடுத்த கிரேன், அதற்கடுத்த கிரேன் என்று வரிசையாகச் சொன்னார்கள். மத்தியானத்துக்குள் தூத்துக்குடியில் ஒரு பெட்டி இறங்க வேண்டும் என்றாலும் லாசர் காசு வேண்டும் என்று ஆகிவிட்டது. முகவர்கள் லாசர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். வெளியூர்க் காசுகள் லாசரின் கணக்கில் குவிந்தன. மருந்து வந்தது. சிவப்பாக இருந்த பட்டை பச்சையாகி, ஏறு ஏறு என்று ஏறியது.

லாசருக்குக் கோபம். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்.

“ஊரக் கூட்டி எனக்குப் பிச்ச போடுதியா பிரகாசி? வேல செய்யாதவன் காச எல்லாரும் தூக்கிச் சொமக்கணுமா?”

“நீங்க செஞ்ச வேலயத்தான் இத்தன நாளு நாங்க தூக்குனோம். நீங்க கீழ நின்னு கை காட்டாம நா மேல ஒத்த பெட்டியத் தூக்கிருப்பேனா? அந்தத் தரகன் எடுத்து வச்சிருக்கானே கணக்கு, அதுல இது எங்க இருக்கு? சாப்பிடுங்க.”

அவர் தட்டை இழுத்துக்கொண்டார். ஆனால் அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

விற்றதை எல்லாம் வாங்கிக் கொடுக்க வேண்டிய நாள் தருணுக்கு நெருங்கியது. விலையோ ஆகாயத்தில் நின்றது. லாசர் காசு வெற்றுக் காசு என்று எல்லோர் கண்ணுக்கும் முன்னால் காட்டினால்தான் அது விழும். யாரும் எடுக்காத சட்டப் புத்தகத்தை அவன் எடுத்தான். அதன்படி, காசு வைத்திருப்பவர் அந்த ஆளின் ஒரு மணி நேரத்தை நேரடியாகக் கேட்கலாம். ஆள் தன் தொழிலில் அதைக் கொடுத்தாக வேண்டும். கொடுக்க முடியாவிட்டால் அந்தக் கணமே செல்லாக்காசு. எப்படியோ தேடிப் பிடித்த ஒரே ஒரு லாசர் காசோடு வந்தான்.

“சாரோட ஒரு மணி நேரம் வேணும். நாளைக்குத் தளத்துல.”

பிரகாசி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தான் ஏற்றிவிட்ட உயரத்திலிருந்தேதான் அவர் இப்போது விழப்போகிறார் என்று அவளுக்குத் தோன்றியது. பேச்சுப்பெட்டியில் பிரகாசிக்கு நாங்கள் சொல்லிக்கொடுக்கிறோம், நீங்கள் கையைச் சும்மா ஆட்டினால் போதும் என்று கித்தேரி யோசனை சொன்னாள். லாசர் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் பழைய கோபம் அவர் முகத்தில் இல்லை. “எம் பேருல போட்ட காசு. நாந்தான் குடுக்கணும்” என்றார்.

நல்ல வெயில். தளத்தில் ஊரே கூடியிருந்தது. மாற்றரங்கம் ஒளிபரப்பியது. லாசர் கைகாட்டியின் வெள்ளைக் கட்டத்துக்குள் போய் நின்றார். மேலே பிரகாசி, கொக்கியில் ஒரு பெட்டி. அவர் வலக்கையைத் தூக்கினார். அது காற்றில் ஆடும் இலை மாதிரி ஆடியது. கூட்டத்தில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். லாசர் காசு விழ ஆரம்பித்தது.

பிரகாசி எதையும் அசைக்கவில்லை. காத்திருந்தாள். லாசர் இடக்கையால் வலக்கையின் முழங்கையை அழுத்திப் பிடித்தார். நடுக்கம் தணியும்வரை நின்றார். தணிந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் விரலைத் தெளிவாகக் கீழே காட்டினார். பெட்டி ஒரு சாண் இறங்கியது. கை மறுபடி ஆடியது. அவள் நிறுத்தினாள். அவர் மூச்சு வாங்கினார். மறுபடி பிடித்தார். மறுபடி ஒரு சாண்.

இப்படியே நேரம் போனது. தருண் வியர்வையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். மணி நிறைவதற்குக் கொஞ்சம் முன்பாகப் பெட்டி வண்டியின் முதுகில் சத்தமில்லாமல் உட்கார்ந்தது.

“ஒரே ஒரு பெட்டிதானா?” என்று தருண் கேட்டான், கேமராவைப் பார்த்து. “இதுக்குப் பேர் ஒரு மணி நேரமா?”

லாசர் சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “மணி நேரம்னுதான் தம்பி சட்டத்துல இருக்கு. எத்தன பெட்டின்னு இல்ல. நா நின்னது ஒரு மணி நேரந்தான?”

சட்டம் தெரிந்தவர்கள் சட்டத்தைப் பார்த்தார்கள். அப்படித்தான் இருந்தது. விழுந்த மாற்று நின்றது. அடுத்த கப்பலும் லாசர் காசு தேடி வெளியே ஊதிக்கொண்டிருந்ததால், பிறகு ஏறவும் செய்தது.

அன்று மாலையே தருண் தனியாக வீட்டுக்கு வந்தான். இந்த முறை தண்ணீர் வேண்டாம் என்றான். அவனுக்கு லாசர் காசு வேண்டும், நிறைய வேண்டும். கிரேன்காரிகள் யாரும் விற்க மாட்டேன் என்றுவிட்டார்கள். விலையை லாசரே சொல்லட்டும் என்றான்.

லாசர் பிரகாசியைப் பார்த்தார்.

“ஒரு மணிக்கு ஒரு மணி” என்றார். “ஒங்க சொந்தக் காசு குடுங்க. ஒண்ணுக்கு ஒண்ணு.”

“சார், என் காசு எங்க நிக்குது, உங்க காசு எங்க நின்னுதுன்னு தெரியும்ல? என் ஒரு மணிக்கு உங்க நூறு மணிகூட ஈடு ஆகாம கிடந்துச்சே.”

“அப்ப வேற எங்கயாவது லாசர் காசு கெடைக்குதான்னு பாருங்க.”

தருண் பட்டையில் பெருவிரலை அழுத்தினான். அவனுடைய மணி நேரங்கள் ஒவ்வொன்றாக லாசரின் கணக்குக்கு வந்து சேர்ந்தன. எழுந்து செருப்பை மாட்டப் போனவனைப் பிரகாசி நிறுத்தினாள்.

“நில்லுங்க தம்பி. இவ்வளவு நேரத்த எங்ககிட்ட குடுத்துட்டுப் போறீங்க. நாங்க கேட்டா வந்து ஒங்க தொழில செஞ்சு குடுக்கணும்லா, இல்லன்னா செல்லாக்காசுல்லா? ஒங்களுக்கு என்ன வேல தெரியும்?”

தருண் வாயைத் திறந்தான். என்ன வேலை தெரியும் என்று மாற்றரங்கம்கூட அவனிடம் இதுவரை கேட்டதில்லை.