மடுவத்துத் தராசு

அன்று தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் இருந்தவர்கள் மூவர்: தோட்ட வேலைகளை மேற்பார்த்து ஓய்வுபெற்ற கண்டாக்கு வீரய்யா, அங்கே கொழுந்து நிறுக்கும் அவர் மகன் சுமன், சுமனின் மனைவி கிருஷாந்தி. வேறு எவரும் உள்ளே வரவில்லை.

லிந்துலைக்கு மேலே பிற்பகலிலேயே பனி மூடிவிட்டது. பச்சைக் கொழுந்தின் வாடை கொட்டகைக்குள் கனத்துக் கிடந்தது. மறுநாள் தோட்டத் துரையின் முன் விசாரணை. கொழுந்து பறிக்கையில் குளவி கொட்டி இறந்துபோன அழகம்மாவின் பேரில், அதற்குப் பிறகும் கணக்கில் கொழுந்து ஏறியிருக்கிறது. அந்தக் கூலியைத் திருட சுமன்தான் கள்ளக் கொழுந்து ஏற்றினான் என்பது குற்றச்சாட்டு. மூன்று தலைமுறையாகக் கண்டாக்கு வேலை பார்த்த குடும்பம் அது. மகன் திருட்டுப் பட்டத்தோடு தோட்டத்தில் நடப்பதை வீரய்யாவால் தாங்க முடியாது.

மடுவத்தில் இருந்தது அகலத் தட்டுள்ள மின்தராசு; விரல் வைத்தால் ஆளை அறியும். சாக்கை ஏற்றினால் நிறை காட்டும். ஒவ்வொன்றையும் தன் லாக் கோப்பில் ஒரு வரியாக எழுதிக்கொள்ளும். கிருஷாந்தி தன் மடிக்கணினியை அதனுடன் இணைத்தாள்.

"கம்ப்யூட்டர் படிச்ச மருமக வேணாம்னீங்களேப்பா," என்றான் சுமன்.

"வாய மூடுடா. நீ பாரு புள்ள."

"வரி கொட்டிக் கெடக்குங்க மாமா. அழகம்மாக்காவோடத மட்டும், குளவி கொட்டின மத்தியானத்துலருந்து பொறுக்கி எடுக்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதியிருக்கேன்."

விசையைத் தட்டினாள். வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக விழுந்தன.

"மொத வரியத் தவிர மத்ததெல்லாம் மடுவம் பூட்டிக் கெடந்தப்ப ஏறினது. இவரு செய்யலிங்க."

வீரய்யாவின் முதுகு நிமிர்ந்தது.

"ஆனா மாமா... கிலோவ பாருங்க."

முதல் வரியில் நாற்பத்தொன்று. அடுத்ததில் நாற்பது. பிறகு முப்பத்தாறு. அப்படியே குறைந்து, கடைசி வரியில் ஒன்பது.

எந்தப் பெண்ணும் ஒரு நடையில் நாற்பத்தொரு கிலோ கொழுந்து சுமந்து வருவதில்லை.

முதல் வரி, குளவி கொட்டிய நாளுக்குரியது.

சுமன் சுவரில் சாய்ந்தான். "ஆஸ்பத்திரிக்கு லொறி வர்ற வரைக்கும் அவங்கள இங்கதான் படுக்க வச்சாங்க."

"தராசு மேலயா?"

"வேற எடமில்லப்பா. அப்ப உயிர் இருந்துச்சு. மத்தியான நிறுவைக்கு விரல் வைக்காட்டி அரைப்பேர்க் கூலியும் போயிருமேன்னு, நான்தான் அவங்க விரலப் புடிச்சு வச்சேன்."

தராசு அவளைக் கொழுந்தாக நிறுத்துவிட்டது.

"பொதச்சதுக்கப்புறம் கொறையுறாங்க மாமா," கிருஷாந்தி முணுமுணுத்தாள்.

இதைக் காட்டினால் மகன் திருடன் இல்லை. ஆனால் உயிர் போகிறவளைத் தராசில் நிறுத்தவன் என்று தோட்டமே பேசும்.

"எல்லாத்தையும் அழிச்சிரு. வரி இல்லாட்டி குத்தமும் இல்ல."

"இன்னும் கொஞ்ச நாள்ல அவங்களே இல்லாம போயிருவாங்க. விட்ருங்க மாமா."

"அழின்னா அழி."

அழித்தாள். ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டினாள். திரை வெறுமையாக இருந்தது.

தகரக் கூரைக்குக் கீழே குளவிகளின் இரைச்சல் எழுந்தது.

குளவி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

தராசின் தட்டு மெல்ல அமுங்கியது.

திரையில் ஒரே ஒரு வரி வந்தது.

அழகம்மா. நாற்பத்தொரு கிலோ.

பழைய வரிகள் எதுவும் இல்லாததால், தராசு பழுது என்று விசாரணையை முடித்தார்கள். சுமனின் மானம் தப்பியது. இப்போதும் அவன்தான் நிறுக்கிறான். காலையில் கதவைத் திறக்குமுன் வெளியே நின்று இருமிவிட்டுத்தான் நுழைகிறான். லயத்து வீடுகளிலும் தராசு பழுது என்றே பேசிக்கொள்கிறார்கள்.

அது பொய். தராசில் எந்தப் பழுதும் இல்லை.